லூர்து பார்த்த ராகு காலம்

சரசு,

நீ நலம், நான் நலம், மாமா நலம், மாமாவின் எருமை நலம் என்று ஒரு பக்கத்தை நிரப்ப எனக்கும் தெரியும். அதையெல்லாம் உன் அத்தை தனியாக எழுதுவாள். உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு அடுப்பில் இருந்த வெஞ்சனத்தைப் பாதி வேக்காட்டில் இறக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் மோர்ச் சோறுதான். அவர்கள் திட்டினால் அந்தத் திட்டில் பாதி உன்னுடையது.

முதல் இரண்டு பக்கங்களும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தன. உன் வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் பெண்கள் வேலையைத் தள்ளித் தள்ளிப் போடுகிறார்கள், அவர்களுக்கு நேரத்தைக் கையாளப் பழக்கு என்று மேட்ரன் உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார். நீயும் நாலு வண்ணப் பென்சிலில் கட்டம் கட்டமாக அட்டவணை போட்டு, ஒரு நகலை எனக்கும் அனுப்பியிருக்கிறாய். அழகாக இருக்கிறது. சுவரில் மாட்டிப் பொட்டு வைக்கலாம். அதற்குப் பிறகுதான் தங்கம் என்கிற அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறாய். இடுப்பெலும்பு முறிந்து கிடந்த பெரியவரை நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டியது அவள் வேலை. அவள் அதைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறாள். கேட்டவர்களிடமெல்லாம் புரட்டியாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் நீ துணியை விலக்கிப் பார்த்தபோது முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். விசாரணைக் கமிட்டி பொங்கல் கழித்துக் கூடுகிறது, அவளை அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது. அவள் ஹாஸ்டல் அறையை விட்டு வெளியே வருவதில்லை, யாரோ தட்டில் சோறு கொண்டுபோய் வைக்கிறார்கள். இத்தனையும் எழுதிவிட்டு, நீ எழுதியிருக்கிறாய்: "கமிட்டி முடியட்டும், அப்புறமாக அவளிடம் பேசிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் அம்மா."

டீச்சரம்மா, தள்ளிப் போடாதீர்கள் என்று பாடம் நடத்தும் உன்னுடைய அட்டவணையில் இந்த 'அப்புறம்' எந்தக் கட்டத்தில் இருக்கிறது? நான் விளக்கை ஏற்றி வைத்துத் தேடிவிட்டேன். பச்சைப் பென்சிலில் ஸ்பான்ஜ் பாத் இருக்கிறது, சிவப்பில் மருந்து இருக்கிறது. தங்கம் எந்தக் கலரிலும் இல்லை.

என்னுடைய பயிற்சிக் காலத்தைப் பற்றி உனக்கு வேடிக்கையான கதைகளை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தாய், சிரிக்கிற பிள்ளைக்குச் சிரிக்கிற கதை. இப்போது உனக்கு இருபத்து மூன்று. மிச்சத்தையும் கேள்.

நான் நர்ஸ் படிப்பில் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, உனக்கு நாலு. உன் அப்பா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைச் சேலை கட்ட வேண்டிய பெண்ணுக்கு வெள்ளைச் சேலையையே சீருடையாகக் கொடுத்து, சோறும் போட்டு, படிப்பும் சொல்லித் தருகிற இடம் திண்டுக்கல்லில் இருக்கிறது என்று மாமா கேள்விப்பட்டு வந்து சொன்னார். ஊருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. உன்னை ரெட்டியார்சத்திரத்தில் அத்தை இடுப்பில் விட்டுவிட்டு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினேன். கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. இன்றைக்கு அந்த இடத்தில் மரக்கடை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எட்டு வரைக்கும் படித்திருந்தேன், வாய் மட்டும் காலேஜ் வரை போயிருந்தது. வகுப்பறை எலும்புக்கூட்டுக்கு நர்ஸ் தொப்பி மாட்டி, 'சீனியர் மாணவி. ஹாஸ்டல் சாப்பாட்டால் இப்படி ஆகிவிட்டார்' என்று கழுத்தில் அட்டை தொங்கவிட்டது நான்தான். அந்தக் கதை உனக்குத் தெரியும். அதற்காக ஒரு வாரம் படுக்கைத் தட்டுகளைக் கழுவியதும் தெரியும்.

எங்களுக்குப் பாடம் சொன்னவர் ஆக்னஸ் சிஸ்டர். உன் மேட்ரனுக்கு இருக்கும் அதே கவலை அவருக்கும் இருந்தது. டிராலியைத் தள்ளுவது எங்கள் வேலை, வேலையைத் தள்ளுவது எங்கள் கலை. அவரும் முதலில் உன்னை மாதிரி அட்டவணைதான் போடச் சொன்னார். நாங்கள் மாங்கு மாங்கென்று கோடு போட்டுப் பூ வரைந்து கலர் அடித்தோம். அதை வரைகிற சாக்கில் இரண்டு நாள் வேலை நின்றது. பிறகு வேறு ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் வார்டுக்குப் போகுமுன் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். "இன்றைக்கு எந்த வேலையைத் தள்ளிப் போட உனக்கு ஆசை?" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்பார். உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்ன வேலையை முதல் வேலையாக முடித்துவிட்டு வந்து அவரிடம் காட்ட வேண்டும். வேதக்காரப் பெண்கள் அதற்குக் 'காலைப் பாவசங்கீர்த்தனம்' என்று பெயர் வைத்தார்கள். நெற்றியில் திருநீற்றுப் பட்டை போட்ட நாங்களும் வரிசையில் நின்று பாவத்தை ஒப்புக்கொண்டோம். நான் ஒரு நாள், "உங்களைப் பார்த்துக் குட்மார்னிங் சொல்றதத்தான் தள்ளிப் போட ஆசையா இருக்கு சிஸ்டர்" என்றேன். "முதல் வேலையா அதையே ஐம்பது தடவ சொல்லும்மா" என்றார். சொன்னேன்.

நல்ல முறைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்துப் பேர் நடுவில் நின்றுகொண்டு யார் தன்னுடைய நிஜமான பயத்தைச் சொல்வாள்? எங்களுக்கு விரைவிலேயே சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. சுலபமான ஒரு வேலையை எடுத்துப் பெரிய கஷ்டம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது, ஓடிப்போய் அதை முடிப்பது, ஷொட்டு வாங்குவது. நிஜமாகப் பயந்த வேலையை அன்றைக்கும் தள்ளுவது. தள்ளுவதற்குச் சாக்கு வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள், ஹாஸ்டலின் பஞ்சாங்கம் நான்தான். "இப்ப ராகு காலம், பிறகு எமகண்டம், அது முடிஞ்சா பெட்பான் கண்டம். இன்னிக்கு நல்ல நேரம் சாப்பாட்டு மணிக்குத்தான்டி" என்று விரல் விட்டுக் கணக்குச் சொல்வேன். சிஸ்டருக்கு ராகு காலம் என்ற சொல்லே ஆகாது, அதனால் எங்களுக்கு அது இன்னும் ருசி.

எனக்குப் பக்கத்துக் கட்டில் லூர்து. திண்டுக்கல் டவுனிலேயே பிறந்த பெண், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். காலை வரிசையில் அவள் முறை வரும்போது, "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்பாள். அது பொய் இல்லை என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவள் மாதிரி வேலை செய்கிறவளை நான் பார்த்ததில்லை. வாந்தி எடுத்தவர்களின் துணியை மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி வரும்போது அவள் அள்ளிக்கொண்டு போய்விடுவாள். என் வேலையையும் கேட்டு வாங்குவாள்.

"ஏய், உன் பெட்பான் அம்புட்டையும் நான் எடுக்குறேன். எட்டாம் கட்டில் பிள்ளைக்கு ஊசிய நீ போட்டுர்றியா?"

"உனக்கென்ன கிறுக்கா? ஒரு ஊசிக்கு ஒரு வார்டு பெட்பானா? யாபாரம் தெரியாதவ."

"கணக்குப் பாக்காத. போடுவியா மாட்டியா?"

"போடுறேன் தாயே. அடுத்த மாசம் என் துணியையும் துவச்சுக் குடு, ஊருக்கே ஊசி போடுறேன்."

அவள் சிரிப்பாள். நான் போட்டுவிடுவேன், எனக்குப் பிள்ளைகளுக்கு ஊசி போடுவதில் பயம் இல்லை. ஒரு கதை சொல்லிக்கொண்டே குத்திவிடுவேன், கதையின் நடுவில்தான் பிள்ளை அழும். லூர்துவை எல்லோரும் புனிதை என்றார்கள். மற்றவள் வேலையை இவ்வளவு விரும்பிச் செய்கிறவள் தன்னுடைய எந்த வேலையிலிருந்து ஓடுகிறாள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெரியவர்களுக்கு அவள் ஊசி போடுவாள். பிள்ளைகளுக்கு மட்டும் போட மாட்டாள். மூன்றாம் வருஷம் வரைக்கும் பண்டமாற்றிலேயே ஓட்டிவிட்டாள். சரசு, உன் பெண்களில் எவள் சோம்பேறி என்று பார்க்காதே. தள்ளிப் போடுகிறவள் சும்மா இருக்க மாட்டாள். அவள் கை ஓயாமல் வேறு எதையாவது செய்துகொண்டிருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் வார்டில் இல்லை. உனக்குப் பொன்னுக்குவீங்கி, கன்னம் இரண்டும் இட்லி மாதிரி உப்பியிருக்கிறது, அம்மா அம்மா என்று அழுகிறாய் என்று மாமா ஆள் அனுப்பியிருந்தார். சிஸ்டரிடம் லீவு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதை உன் மேல் பாரம் ஏற்றுவதற்காக எழுதவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அம்மா வரத்தான் வேண்டும். அன்றைக்கு நான் அங்கே இல்லை, அவ்வளவுதான் செய்தி. நடந்ததை எனக்குச் சொன்னது வார்டு ஆயா.

குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து மானாவாரி விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவர் தன் மகனைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐந்து வயது. தொண்டை அடைப்பான். கழுத்து வீங்கி, மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா பார்த்தார், அந்த நோய்க்கான சீரம் மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று துளி போட்டுச் சோதித்தார், ஒத்துக்கொண்டதும் மீதியைப் போட்டுவிடு என்று லூர்துவிடம் சொல்லிவிட்டு ஆபரேஷனுக்குப் போனார். ஸ்டாஃப் நர்ஸ் பிரசவ அறையில் இருந்தார். ஜூனியர் பெண்களுக்கு அந்த ஊசி போட அனுமதி இல்லை. பண்டம் மாற்ற ஆள் இல்லை. லூர்து சிரிஞ்சைக் கொதிக்க வைத்து எடுத்து, மருந்தை ஏற்றிக்கொண்டு கட்டிலருகே வந்துவிட்டாளாம். அப்போது அந்த அப்பா கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

"தாயி, இப்பத்தான் ராகு காலம் தொடங்குச்சு. செத்த நேரம் பொறுத்துப் போடலாமா? ஒத்தப் பிள்ள தாயி."

சிலுவை போட்ட சங்கிலியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தவள். நான் ராகு காலம் சொல்லும்போதெல்லாம் "போடி அஞ்ஞானி" என்று தலையணையை எறிந்தவள். அவள் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "சரிங்கய்யா, முடியட்டும்" என்றாளாம்.

அந்த மனிதரின் நம்பிக்கையை அவள் மதித்தாள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். விசாரித்திருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். எனக்குத் தெரியும், அவளுடைய பயத்துக்கு அன்றைக்கு ஒரு மரியாதையான பெயர் கிடைத்துவிட்டது. அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் சும்மா உட்காரவில்லை. பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள், விரிப்பை மாற்றினாள், இன்னொரு சிரிஞ்சைக் கொதிக்க வைத்தாள், அப்பாவுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தாள். ஆயா சொன்னாள், "அந்தப் பிள்ள மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாக." ராகு காலம் முடிந்ததும் அவள் ஒரே குத்தில் ஊசியைப் போட்டுவிட்டாளாம். சாயங்காலம் பையன் போய்விட்டான்.

நான் மறுநாள் திரும்பி வந்தேன். ஹாஸ்டலில் சத்தமே இல்லை. லூர்துவைத் தனி அறையில் விட்டிருந்தார்கள், கதவு சாத்தியிருந்தது. டாக்டரம்மா, "முன்னாடியே போட்டிருந்தாலும் பிழைச்சிருப்பான்னு சொல்ல முடியாது" என்று சொன்னதாகச் சமையற்கட்டு வரைக்கும் பேச்சு. ஆக்னஸ் சிஸ்டர், "விசாரணை முடியிற வரைக்கும் யாரும் அவகிட்ட எதுவும் பேசக் கூடாது" என்றார். விசாரணைக்கு மாதா கோயில் பெரிய சாமியார் வர வேண்டும். அவர் வெளியூர் போயிருந்தார். வந்ததும் திருவிழா, திருவிழா முடிந்தால் எங்கள் பரீட்சை. எல்லாம் முடியட்டும் என்றார்கள். தள்ளிப் போடுவது பாவம் என்று தினம் எங்களை வரிசையில் நிறுத்தியவர்கள்தான்.

நான் அவள் அறை வாசல் வரைக்கும் போனேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். உள்ளே போய் என்ன வேடிக்கை பேசுவது? வேடிக்கை இல்லாமல் பேச எனக்குத் தெரியாது. நாளைக்குப் பேசலாம் என்று திரும்பிவிட்டேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. எட்டு, பத்து நாள் கழித்து அந்தப் பையனின் அப்பா திரும்ப வந்தார். பிள்ளையின் அரைஞாண் வார்டில் தங்கிவிட்டது, அதை வாங்கிப்போக வந்தார். வாங்கி வேட்டி மடியில் வைத்துக்கொண்டு ஆக்னஸ் சிஸ்டரிடம் கேட்டார். நான் மருந்துத் தட்டோடு அங்கேதான் நின்றிருந்தேன்.

"அம்மா, அந்தப் பொண்ணப் பாக்கணும்."

"எதுக்கு?"

"நான் கும்புட்டுக் கேட்டதுனாலதான அது நிறுத்துச்சு. அது மேல பழி போட்டுறாதீக. எம்மேல கோவமா இருக்குமோ என்னமோ. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன்."

"விசாரணை நடக்கப் போகுது. அதுக்கு முன்னாடி பாக்கக் கூடாது. முடிஞ்சதும் வாங்க."

"எப்பம்மா முடியும்?"

"அப்புறம் வாங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மானாவாரிக்காரர், விதைக்கிற மாதம், திரும்ப எங்கே வருவார்? இதையாவது லூர்துவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சிஸ்டர் சொல்லக் கூடாது என்றிருக்கிறார், பரீட்சை முடியட்டும், அப்போது நிதானமாகச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு காலையில் அவள் அறை திறந்து கிடந்தது. கட்டில் விரிப்பு மூலை மடித்து, சுருக்கமில்லாமல், சிஸ்டர் கற்றுக்கொடுத்தபடி போட்டிருந்தது. அவள் இல்லை. அவள் போன பிறகு விசாரணைக்கும் அவசியம் இல்லாமல் போய்விட்டது. பெரிய சாமியார் வந்து எல்லோருக்கும் ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவளை ஒரே ஒரு முறை பார்த்தேன், நீ ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த சமயம். நான் அரசாங்க வேலையில் சேர்ந்து ஊர் ஊராக அம்மை குத்திக்கொண்டிருந்தேன். அய்யலூர்ச் சந்தைக்கு நிறைய சனம் வரும், அங்கேயே மேஜை போட்டுக் குத்திவிடலாம் என்று போயிருந்தோம். ஆட்டுச் சத்தத்துக்கு நடுவில் ஒரு குரல், "என்னடி, இப்ப ஆட்டுக்கும் ஊசி போடுறியா?" திரும்பினால் லூர்து. கையில் இரண்டு ஆட்டுக் கயிறு. மெலிந்து கறுத்திருந்தாள். கழுத்தில் அதே சிலுவை. அய்யலூர்ப் பக்கத்தில் சித்தி வீட்டில் இருந்து, அங்கேயே ஓர் ஆட்டு வியாபாரியைக் கட்டிக்கொண்டாளாம்.

"பிள்ளைக எத்தன?" என்றேன்.

"ஒண்ணு இருக்கு. மூத்தது தங்கல."

"எந்த ஆஸ்பத்திரியில பாத்தே?"

"ஆஸ்பத்திரியா? நான் அங்கருந்து வந்த நாள்லருந்து எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கல. ரெண்டும் பொறந்தது வீட்லதான். மூத்தது வெளிய வர ஒரு நாள் பூரா கஷ்டப்பட்டுச்சு. அவரு வண்டியப் பூட்டுறேன்னாரு. நான்தான் செத்த நேரம் பாப்போம், செத்த நேரம் பாப்போம்னேன்."

ஆட்டின் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு உன் ரூம் வாசல் வரைக்கும் வந்தேன்டி" என்றேன்.

"தெரியும். உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? தட்டுவே தட்டுவேன்னு உக்காந்திருந்தேன்."

"நாளைக்குப் பேசலாம்னு..."

"அந்த நாளைக்கு இன்னிக்குத்தான் விடிஞ்சுச்சாக்கும்?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "திட்ட வருவீகன்னு பாத்தேன். ஒருத்தி வந்து கன்னத்துல அறைஞ்சிருந்தாக்கூட நான் ஓடியிருக்க மாட்டேன். தட்டுல சோறு வச்சீக. நாய்க்கு வைக்கிற மாதிரி."

அப்போதுதான் அந்த அப்பா திரும்ப வந்ததைச் சொன்னேன். அவர் சொன்ன வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் ஆட்டுப் பக்கமாகத் திரும்பி அதன் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள், "என்ன நெறத்துல துண்டு போட்டிருந்தாரு?" எனக்கு ஞாபகம் இல்லை. "சரி, போ. உனக்குக் கூட்டம் நிக்கிது" என்று கயிற்றை இழுத்துக்கொண்டு ஆட்டுக்கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

இனி உன் தங்கத்தைப் பற்றி. பெரியவரைப் புரட்டும்போதெல்லாம் வலி தாங்காமல் கத்துவார், வார்டே திரும்பிப் பார்க்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதை எழுதிவிட்டு, அடுத்த வரியில் அந்தப் பெண்ணுக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறாய். பொறுப்பில்லாதவளுக்கு அந்தச் சத்தம் காதில் விழாது சரசு. அது கேட்கப் பொறுக்காமல்தான் இவள் தள்ளியிருக்கிறாள், தள்ளியதை மறைக்கப் பொய் சொல்லியிருக்கிறாள். பொய் பொய்தான், புண் புண்தான். நான் அவளுக்கு வக்கீல் இல்லை. அந்தப் பெரியவர் இடத்தில் நான் கிடந்திருந்தால் அவளைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். ஆனால் நீ நடத்தப்போகும் பாடம் அந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, நீ வெளியே கலர் பென்சில் சீவிக்கொண்டிருக்கிறாய்.

பாடத்தை எப்படி நடத்துவது என்று கேட்டிருந்தாய். ஆக்னஸ் சிஸ்டர் கேட்ட கேள்வியையே கேள், ஆனால் வரிசையில் நிறுத்திக் கேட்காதே. ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டு, வேலை செய்துகொண்டே, துணி மடித்துக்கொண்டே கேள். முதலில் உன்னுடையதைச் சொல்லு. நீ எதற்குப் பயந்து எதைத் தள்ளினாய் என்று ஒரு வார்டு இன்சார்ஜ் சொன்னால், பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் வாய் திறக்கும். அவள் சொன்ன வேலைக்கு அவளைத் தனியாக அனுப்பாதே. முதல் நாலைந்து முறை நீயோ வேறொருத்தியோ பக்கத்தில் நில்லுங்கள். அவள் வேலையை நீங்கள் வாங்கிச் செய்துவிடாதீர்கள், பக்கத்தில் நின்றால் போதும். அட்டவணை வேண்டாம் என்று சொல்லவில்லை. இதெல்லாம் அதில் எழுத வராது என்றுதான் சொல்கிறேன்.

கமிட்டி என்ன முடிவு வேண்டுமானாலும் செய்யட்டும், அது உன் கையில் இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் நாளில் செய்ய வேண்டியது உன் கையில் இருக்கிறது. முதலில் பெரியவரிடம் போய்க் கேள்: அந்தப் பெண் வந்து உங்கள் புண்ணுக்கு மருந்து வைக்கலாமா என்று. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், அது அவர் உடம்பு. அப்படியானால் தங்கத்திடம் போய் அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே இரு. அவர் சரி என்றால் அவளை அறையிலிருந்து கூட்டிக்கொண்டு வா. வர மாட்டேன் என்பாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வா. டிராலியை அவளே தள்ளட்டும். பெரியவரை நீங்கள் இரண்டு பேருமாகப் புரட்டுங்கள், அவர் கத்துவார். பழைய கட்டை அவளே பிரிக்கட்டும், நாற்றம் வரும். அவர் அவளைத் திட்டினால் குறுக்கே பேசாதே. திட்டி முடிக்கட்டும். புண் அவளுக்கு நன்றாகத் தெரிய நீ ஒரு டார்ச்சைக் கிட்டத்தில் பிடி. புண்ணைக் கழுவி, காயவைத்து, மருந்து வைத்து, புதுக்கட்டுப் போடுகிற வரைக்கும் நீ பக்கத்தைவிட்டு நகராதே.

பதில் கடிதம் அதற்குப் பிறகு எழுது.

உன் அம்மா